சம்பளம் இல்லாத எழுத்து: கல்யாணப் பந்தியா? ஓட்டல் பந்தியா?

"எழுத்தாளர்கள் தேவை. வீடியோ விளையாட்டில் ஆசை இருக்க வேண்டும். பிழை இல்லாமல் எழுதத் தெரிய வேண்டும். சம்பளம் கிடையாது!"

அமெரிக்காவில் இப்படி ஓர் அழைப்பு அடிக்கடி வருகிறது. வீடியோ விளையாட்டுகளைப் பற்றி எழுதும் சிறிய ஏடுகள் விடுக்கும் அழைப்பு இது. இந்த ஏடுகளுக்குப் பெரிய முதலாளி கிடையாது. விளையாட்டுக் கம்பெனிகளின் தயவும் கிடையாது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து சொந்தக் காசில் நடத்துகிறார்கள்.

அழைப்பைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பையனும் கல்லூரி மாணவியும் ஓடிப் போய்ப் பெயர் கொடுக்கிறார்கள். பெற்றோர்கள் தலையில் கை வைக்கிறார்கள். "விளையாடிப் பொழுதைக் கெடுத்தது போதாதா? அதைப் பற்றிச் சும்மா எழுதி வேறு கெட வேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். கூலி வாங்காமல் எழுதலாமா? கூடாதா?

இதற்கு விடை ஒரு கல்யாண வீட்டில் இருக்கிறது.

கல்யாண வீட்டில் பந்தி நடக்கிறது. அடுத்த வீட்டுப் பையன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவனுக்குக் கூலி கிடையாது. அவன் கேட்கவும் மாட்டான். கேட்டால் அவனுக்கே வெட்கமாக இருக்கும்.

அதே பையன் ஓட்டலில் வாளி தூக்கினால்? அங்கே சாப்பாட்டுக்குக் காசு வாங்குகிறார்கள். அங்கே போய்ச் "சும்மா பரிமாறு" என்று சொன்னால் அது அன்பு அல்ல. சுரண்டல்!

எழுத்தும் அப்படித்தான்.

கையில் காசு இல்லை, கற்றது உண்டு

சும்மா எழுதுவது கேவலம் அல்ல. வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதும் தொழிலே அப்படித்தான் பிறந்தது.

அமெரிக்காவில் விஞ்ஞானக் கதைப் பிரியர்கள் 1930-ஆம் ஆண்டு முதல் சொந்தமாகச் சிறு ஏடுகள் நடத்தி வந்தார்கள். நம் ஊர்க் கையெழுத்துப் பத்திரிகை போன்றவை அவை. எழுதியவருக்குச் சம்பளம் இல்லை. ஆனால் வெறுங்கையோடும் அனுப்பமாட்டார்கள். கட்டுரை எழுதியவருக்கு ஒரு பிரதி இலவசம். படித்துவிட்டுக் கருத்து எழுதி அனுப்பியவருக்கும் அடுத்த பிரதி இலவசம். வேறு ஏடு நடத்துகிறவருக்குப் பிரதிக்குப் பிரதி மாற்று. நடத்தியவரும் லாபம் பார்க்கவில்லை, எழுதியவரும் நஷ்டப்படவில்லை.

இந்த ஏடுகளில் எழுதிப் பழகியவர்கள் ஆர்னி கேட்ஸ், அவர் மனைவி ஜாய்ஸ் வொர்லி, நண்பர் பில் கன்கெல் ஆகிய மூவர். கேட்ஸும் கன்கெலும் 1979-இல் "வீடியோ" என்ற பத்திரிகையில் விளையாட்டுகளைப் பற்றித் தனிப் பகுதி எழுதத் தொடங்கினார்கள். 1981-இல் மூவரும் சேர்ந்து "எலெக்ட்ரானிக் கேம்ஸ்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். வீடியோ விளையாட்டுக்கென்றே அமெரிக்காவில் வந்த முதல் பத்திரிகை அது. 1983-இல் விளையாட்டு வியாபாரம் படுத்தது. 1985-இல் பத்திரிகையும் நின்றது. 1992-இல் அது மறுபடி வந்தபோது, சிறுவர்கள் சொந்தமாக நடத்தும் ஏடுகளைப் பற்றி அதில் கேட்ஸ் எழுதினார். தாம் ஏறி வந்த ஏணியை அவர் மறக்கவில்லை.

சம்பளம் இல்லாத எழுத்துதான் இவர்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தது. அது கல்யாண வீட்டுப் பந்தி.

கோர்ட்டுக்குப் போன தொண்டு

ஓட்டல் பந்தியின் கதை வேறு.

"அமெரிக்கா ஆன்லைன்" என்று ஒரு கம்பெனி. கம்ப்யூட்டர் வழியாக ஜனங்கள் பேசிக்கொள்ள வசதி செய்து கொடுத்துச் சந்தா வாங்கியது. பேச்சு நடக்கும் இடங்களைக் கவனித்துக்கொள்ளத் தொண்டர்களைச் சேர்த்தது. அவர்களுக்குச் சந்தாவில் சலுகை. சம்பளம் இல்லை. தொண்டர்கள் பல ஆயிரம் பேர் ஆனார்கள். பிறகு நேரக் கணக்கு வந்தது. முறை வைத்து வேலை வந்தது. தொண்டு உத்தியோகமாக மாறியது. சம்பளம் மட்டும் வரவில்லை!

லாபத்துக்கு நடக்கும் கம்பெனி வேலை வாங்கினால் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1999-இல் தொண்டர்கள் நியூயார்க் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 2010-இல் ஒன்றரைக் கோடி டாலர் கொடுக்கக் கம்பெனி சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது. இடையில் 11 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அடுத்த ஆண்டே, 2011-இல், அதே கம்பெனி "ஹஃபிங்டன் போஸ்ட்" என்ற செய்தி ஏட்டை விலைக்கு வாங்கியது. விலை 31½ கோடி டாலர்! அந்த ஏட்டுக்குச் சம்பளம் வாங்காமல் எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்த 31½ கோடியில் அவர்களுக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை. "எங்கள் எழுத்தால்தானே இந்த விலை வந்தது? மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு வேண்டும்" என்று வழக்குப் போட்டார்கள். 2012-இல் நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். பணம் கிடையாது என்று தெரிந்துதானே எழுதினீர்கள் என்பதே தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் நியாயம் வேறு. பரிமாறியவர்கள் கல்யாண வீடு என்று நம்பினார்கள். வீட்டுக்காரர் அதை ஓட்டலாக்கி விற்றுவிட்டார். அப்போதாவது பரிமாறியவர்களை நினைத்திருக்க வேண்டாமா?

பொட்டலத்தில் வரும் ஆபத்து

இன்னோர் ஆபத்தும் உண்டு. சம்பளத்துக்குப் பதிலாக விளையாட்டுகளை இலவசமாகத் தருவோம் என்று சொல்வார்கள். அவற்றை விளையாட்டுக் கம்பெனியே அனுப்பும். பையனுக்கு மகிழ்ச்சி தாங்காது. கடையில் அதன் விலை அதிகம் அல்லவா? ஆனால் இலவசமாக வந்த பண்டத்தைக் குறை சொல்லக் கை கூசும். கைக்காசு போட்டு வாங்கப் போகிற வாசகர் ஏமாந்து போவார். அதனால்தான் அமெரிக்க வாணிபக் கமிஷன் 2009-இல் ஒரு விதி செய்தது. கம்பெனியிடம் பண்டமோ பணமோ வாங்கிக்கொண்டு பாராட்டுகிறவர், அதை வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இது நல்ல விதி.

மூன்று கேள்விகள்

"எங்களுக்கே வருமானம் இல்லை. சம்பளத்துக்கு எங்கே போவது?" என்று சிறிய ஏட்டுக்காரர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். கம்பெனி விளம்பரம் வாங்கினால் வாயைக் கட்டிப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, விளம்பரமே வாங்காதவர்களும் உண்டு. அவர்களைக் குறை கூறுவது சரியல்ல. ஆனால் சம்பளம் கொடுக்க முடியாதவர் கணக்குக் காட்ட முடியும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று சொல்வதற்குப் பணம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

ஆகையால் பெற்றோர்கள் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். பெயர் கொடுக்கும் முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்ல வேண்டும். எழுத்து யாருக்குச் சொந்தம்? எழுதியதைத் திருத்திக் கற்றுக் கொடுப்பவர் யார்? நாளைக்கு ஏட்டுக்குப் பணம் வந்தால் பங்கு உண்டா?

பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஹஃபிங்டன் ஏட்டில் எழுதியவர்கள் இதை முதலிலேயே கேட்டிருந்தால், பின்னால் கோர்ட்டு ஏறி வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டாம்.

கல்யாண வீட்டில் எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு, வாளி தூக்கிய பையனைத் தேடிப் பிடித்து உட்கார வைப்பார்கள். வீட்டுக்காரரே அவனுக்கு இலை போட்டுப் பரிமாறுவார். "வயிறாரச் சாப்பிடு தம்பி" என்று பக்கத்திலேயே நிற்பார்.

அப்படி நிற்கத் தெரிந்தவர் அழைத்தால் தாராளமாகப் போய் எழுதலாம்.