ஆரலுக்கு வேண்டியது மணல்

மீன்தொட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது தங்கமீன்களும், சாயம் பூசிய சரளைக் கற்களும், குமிழி விடும் பொம்மையுமே. அண்மைக் காலமாக இந்த அலங்காரத்துக்குள் ஆரலையும் கொண்டுவந்து விடுகின்றனர். இது அம்மீனுக்கு இழைக்கும் கொடுமை என்பேன்.

எங்கள் ஊரில் ஆரல் குழம்புக்குரிய மீன். வழுக்கும் என்பதால் என் தாயார் சாம்பல் தொட்டு உரசிக் கழுவுவார். அதைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிக்குள் வளர்க்கிறார்கள் என்று நான் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நீண்ட உடலைக் கண்டு இதை விலாங்கு என்பாரும் உளர். விலாங்கு முட்டையிடக் கடலுக்குச் செல்வது. ஆரல் வேறு குடும்பம். முதுகில் வரிசையாக நிற்கும் முட்களை ஒருமுறை அழுத்திப் பிடித்தவர் இந்த வேறுபாட்டைத் தேர்வில் மறக்கமாட்டார்!

நண்பர்கள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ப்ளாக் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் ஷ்னைடர் முடித்து 1801இல் வெளியிட்ட மீன் நூலில், தரங்கம்பாடியில் கிடைத்த இம்மீனுக்கு 'ஆரல்' என்றே சிற்றினப் பெயர் இடப்பட்டது. இன்றும் அது 'மேக்ரோனேத்தஸ் ஆரல்'தான். மீன்காரர் கூவி விற்கும் சொல் விலங்கியல் ஏட்டில் நிற்கிறது. அப்படிப்பட்ட மீனை அதன் இயல்பறியாமல் வளர்க்கலாமா?

பகலில் மணலுக்குள் புதைந்து மூக்கு நுனியை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது ஆரலின் இயல்பு. இருட்டியபின் வெளிவந்து, சதைப்பற்றான அந்த மூக்கால் துழாவிப் புழுக்களைத் தேடும். கூரிய சரளையில் புதைய முயன்றால் தோல் கீறிப் புண்ணாகும். மற்ற மீன்களுக்குப் பகலில் தூவும் உருண்டைத் தீனியை அது பெரும்பாலும் சீண்டாது, பட்டினியால் மெலியும். சிறிய மண்புழுவை மாலையில் போட்டுப் பாருங்கள்! மூடியில் விரலளவு இடைவெளி இருந்தாலும் நழுவி வெளியேறிவிடும். மேலும், சாண் நீளக் குஞ்சாக விற்கப்படும் 'மாஸ்டாசெம்பெலஸ் ஆர்மேட்டஸ்' 90 செ.மீ. வரை வளரக்கூடியது. இரண்டடித் தொட்டியில் அது எங்கே திரும்பும்?

"மணலில் ஒளிந்துகொண்டால் எதைப் பார்ப்பது?" என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த நீட்டிய மூக்கைத்தான் பார்க்கவேண்டும். பொறுமை இல்லாதவர் தங்கமீனோடு நின்றுகொள்ளட்டும்.

நம் ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலின் புட்டிக்குள் வெளுத்துப்போன ஆரலையே இரண்டாண்டுகளாக நாம் படம் வரைகிறோம். மூலையில் ஒரு தொட்டி காலியாகக் கிடக்கிறது. பேராசிரியப் பெருமக்கள் இசைந்தால், நான்கு விரற்கடை உயரத்துக்குச் சலித்துக் கழுவிய மென்மணல் பரப்பி, இரண்டு சிறு ஆரல்களை அதில் விடலாம். புழுவுக்கு விடுதித் தோட்டம் இருக்கிறது; மணலைச் சுமந்துவர எங்கள் வகுப்பில் ஆள் இருக்கிறோம். இறுக்கமான மூடி ஒன்றை மட்டும் துறை வாங்கித் தரவேண்டும்.