கிணறு கொடுத்தவர்கள் நீரைச் சோதிக்கவில்லை

ஏழை நாடுகளுக்கான வெளிநாட்டு உதவி பற்றி ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது: முதலில் தண்ணீர், சாலை, மின்சாரம், சுற்றுச்சூழலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொடுக்கும் நாடும் வாங்கும் அரசும் இதையே சொல்கின்றன. இதற்கு வங்கதேசத்து ஏழைகள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

அங்கே 1970-களில் குளத்து நீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மாண்டார்கள். யுனிசெஃப் துணையோடு அரசு ஊர் ஊராக அடிபம்பு போட்டது. பிறகு மக்களே சொந்தப் பணத்தில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். நீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தவர்கள் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. 1998-99 ஆய்வில், ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகளில் 27 சதவீதம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பையே மீறியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்போ 10 மைக்ரோகிராம்தான். அந்த நீரைக் குடித்து வந்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முண்டுமுண்டாகும். மார்பிலும் முதுகிலும் கரும்புள்ளிகள் படரும். ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரும். நஞ்சுள்ள பம்புகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். வாசலில் சிவப்புப் பம்பு நிற்க, பெண்கள் குடத்தோடு பச்சைப் பம்பைத் தேடி நடந்தார்கள்.

அன்றைக்கு யாருக்குத் தெரியும் என்று கேட்பார்கள். 1983-லேயே மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் நோயாளிகள் கண்டறியப்பட்டுவிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே கங்கை வண்டல்தான். வங்கதேசக் கிணற்றில் ஆர்செனிக் உறுதியானது 1993-ல். இடைப்பட்ட பத்தாண்டும் பம்புகள் இறங்கிக்கொண்டே இருந்தன. சோதித்துக்கொண்டிருந்தால் அதற்குள் குழந்தைகள் செத்திருப்பார்களே என்ற வாதம் கனமானது. அடிபம்பு உயிர்களைக் காத்ததும் உண்மை. ஆனால் சோதனைக்காகத் துளையிடுவதை நிறுத்த வேண்டியதே இல்லை. நஞ்சு பெரும்பாலும் மேல்மட்ட மணலில்தான் இருக்கிறது. 150 மீட்டருக்குக் கீழே பெரும்பாலான இடங்களில் நல்ல நீர் கிடைக்கிறது. எவ்வளவு ஆழம் என்பதைத்தான் சோதனை மாற்றியிருக்கும்.

சூழல் நிபந்தனை என்பது பணக்கார நாடுகள் கையில் வைத்திருக்கும் சாட்டை என்ற குற்றச்சாட்டு எஞ்சுகிறது. அதில் உண்மை உண்டு. அமெரிக்க உதவி நிறுவனம் தன் திட்டங்களுக்குச் சூழல் விதி வகுத்ததே, பூச்சிமருந்து தொடர்பாக அந்நாட்டு அமைப்புகள் 1975-ல் வழக்குப் போட்ட பிறகுதான். இலங்கையின் மகாவலி ஆற்றுத் திட்டத்துக்கு அதே நிறுவனம் 1980-ல் செய்வித்த சூழல் ஆய்வைத் தொடர்ந்து காட்டுயிர்களுக்குப் பூங்காக்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றாக மாதுறு ஓயா 1983-ல் தேசியப் பூங்காவானபோது வேடர் என்ற பழங்குடியினர் தங்கள் வேட்டைக் காட்டை இழந்தார்கள். அந்த மண்ணில் வாழ்கிறவர்களைக் கேட்காமல் வகுத்த சூழல் கொள்கையும் அநீதிதான். அதனால் கொள்கையே வேண்டாம் என்றாகிவிடாது. அதை வகுக்கும் உரிமை வாங்கும் நாட்டிடமும் அதன் மக்களிடமும் இருக்க வேண்டும் என்றாகிறது.

உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அரசுகள் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்: பத்தாவது ஆண்டில் இந்த நீரை யார் சோதிப்பார்கள், யார் பணத்தில்? அதற்கான பதில் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புங்கள்.