கதைக்குள் வந்த தலைப்பாகை

பள்ளிப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ஆங்கிலக் கற்பனைக் கதைகளுள் சி.எஸ். லூயிஸ் எழுதிய ‘நார்னியா’ வரிசையும் ஒன்று. 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களாக அது வெளிவந்தது. அவற்றுள் 1954இல் வந்த ‘குதிரையும் அதன் சிறுவனும்’ என்னும் நூலை அண்மையில் படித்தேன். கோவையில் எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர், “இதில் வருவோர் முஸ்லிம்களா, உஸ்தாத்?” என்று வினவியதே காரணம்.

வினா நியாயமானதே. நார்னியாவுக்குத் தெற்கே, பாலைவனத்துக்கு அப்பால், கலோர்மென் என்றொரு நாடு. அதன் மக்கள் கருநிறத்தினர். தாடியும் தலைப்பாகையும் உடையோர். வளைந்த வாள் ஏந்துவோர். அவர்தம் நாணயத்தின் பெயர் பிறை! அங்கே அடிமை வணிகம் உண்டு. சிறுமியை முதியவருக்கு மணமுடிக்கவும் முனைகின்றனர். ஆனால் அவர்கள் வணங்குவதோ ‘தாஷ்’ என்னும் சிலையை. பறவைத் தலையும் நான்கு கரங்களும் கொண்ட அதற்கு நரபலியும் உண்டு.

இவர்களை முஸ்லிம்கள் என்று லூயிஸ் சொல்லவில்லை. எனினும், ஏகத்துவத்தை உயிராகக் கொண்ட சமுதாயத்தினரின் தோற்றத்தை ஒரு சிலைக்கு முன் நிறுத்தினால், பிஞ்சு உள்ளத்தில் என்ன பதியும்? என் மனம் வருந்தியது இங்கேதான்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. நன்மையின் வடிவாக வரும் சிங்கத்தின் பெயர் ‘அஸ்லான்’. அது சிங்கத்தைக் குறிக்கும் துருக்கிச் சொல். லேன் என்பார் மொழிபெயர்த்த ‘ஆயிரத்தோர் இரவுகள்’ நூலின் குறிப்புகளில் அதைக் கண்டதாக லூயிஸே எழுதியுள்ளார். கீழ்த்திசையிலிருந்து பெயரை எடுத்துச் சிங்கத்துக்குச் சூட்டியவர், தோற்றத்தை எடுத்துப் பகைவருக்கு அணிவித்துவிட்டார்!

நீதியுடன் இதையும் சொல்ல வேண்டும். அந்நூலின் வீரச் சிறுமி அராவிஸ் கலோர்மென் நாட்டவளே. 1956இல் வந்த இறுதி நூலில், எமெத் என்னும் கலோர்மென் இளைஞனை அவனது நேர்மைக்காக அஸ்லான் ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் நல்லவர் ஓரிருவரைக் காட்டுவதால், ஓர் இனத்தின் மீது பூசிய கறை நீங்கிவிடாது.

பெற்றோர்களே! பிள்ளையின் கையிலிருந்து நூலைப் பறிக்காதீர்கள். அருகமர்ந்து உடன் படியுங்கள். கொங்குத் தமிழ் பேசி, அண்டை அயலாரோடு உறவு கொண்டாடி வாழும் நம் ராவுத்தர் குடும்பங்களுக்கும் கலோர்மென் நாட்டுக்கும் உள்ள தொலைவைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

அதே அளவுகோலை நம் இல்லங்களிலும் வைப்போம். பிற சமயத்தாரைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகள், அவர்களை அறிந்து சொல்பவையா, கேள்விப்பட்டுச் சொல்பவையா? மனிதர் பல இனங்களாகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பது ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் நமக்குத் தரும் பாடமன்றோ?