நிலைமாற்றி இல்லாத மின்வழங்கி

வல்வெட்டித்துறையிலிருந்து மாணவர் ஒருவர் நம்மை வினவுகிறார். கூரைமேலுள்ள தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் கிணற்றுப் பம்பியைத் தானாகவே நிறுத்தும் சிறு ரிலேச் சுற்றொன்றை அவர் அமைக்க விரும்புகிறார். நிலைமாற்றி கனமானது, இடத்தையும் அடைப்பது. அதனை விடுத்து, வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ற்றிலிருந்து நேரே ரிலேயை இயக்கலாகாதா என்பது கேள்வி. இயக்கலாம். ஆனால் அவர் எண்ணியிருக்கும் வேலைக்கு இயக்கலாகாது. இவ்விரண்டுக்கும் காரணம் கூறுவோம்.

24 வோல்ற்றுச் சிறு ரிலே ஒன்றின் சுருளுக்கு ஏறத்தாழ 15 மில்லி அம்பியர் போதும். எஞ்சிய 206 வோல்ற்றைத் தடையி ஒன்றில் இழக்கச் செய்தால் மூன்று உவாற்றுக்கு மேல் வெப்பமாகி வீணாகும். கொள்ளளவியோ ஆடலோட்டத்தைத் தடுக்கும், தான் சூடாகாது. நமது 50 ஏட்சு மின்சாரத்தில் 0.33 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி ஏறக்குறைய 9,600 ஓம் எதிர்ப்பைக் காட்டும். பாலச் சீராக்கியைக் கடந்தபின் 20 மில்லி அம்பியர் அளவு கிடைக்கும். இதே இனத்து 12 வோல்ற்று ரிலே இருமடங்கு ஓட்டம் கேட்பதால், கொள்ளளவியும் இருமடங்காக வேண்டும். ஆகவே 24 வோல்ற்று ரிலேயே சிக்கனமானது.

கொள்ளளவி 275 வோல்ற்று ஆடலோட்டத்துக்குரிய ‘எக்ஸ் 2’ வகையாயிருத்தல் வேண்டும். மின்னைத் துண்டித்த பின்னும் அது மின்னேற்றத்தை வைத்திருந்து விரலைத் தாக்கும். எனவே அதற்குச் சமாந்தரமாக ஒரு மெகா ஓம் தடையி வேண்டும். ஆளியைப் போடும் கணத்துப் பாய்ச்சலை அடக்க 100 ஓம் உருகு தடையி தொடரிலே நிற்கட்டும். செனர் இருவாயியைப் பலர் அற்பமாக எண்ணுவர். ரிலே ஓய்ந்திருக்கையில் ஓட்டம் முழுவதையும் தாங்குவது அதுவே. அரை உவாற்று வெப்பம் அதிலே பிறக்கும். ஒரு உவாற்றுக்குக் குறைந்ததை இடலாகாது.

இனி ஆபத்துக்கு வருவோம். அளவுமானி 24 வோல்ற்று என்று காட்டும்; அது இரு முனைகளுக்கு இடைப்பட்ட அழுத்தமே. நிலத்தில் நிற்பவருக்கோ அச்சுற்றின் ஒவ்வொரு கம்பியும் 230 வோல்ற்றுக் கம்பிதான். நீர்மட்டத்தை அறியும் கம்பிகளைத் தொட்டிக்குள் இறக்கினால் அத்தண்ணீருக்கும் மின் பாயும். குளியலறையில் ஈரக் காலுடன் குழாயைத் திறப்பது வீட்டுப் பிள்ளையின் கை. ‘ட்ரிப் சுவிட்ச்’ காப்பாற்றும் என்று நம்பித் துணிவது அறிவன்று.

தொட்டிக்கு வேறு வழி உண்டு. மின்சாரமற்ற 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட குடாநாட்டார்க்கு, கையிலிருப்பதைக் கொண்டு காரியம் பார்ப்பது புதிதன்று. பழைய கைப்பேசியின் நல்ல மின்னேற்றி ஒன்று போதும். அதற்குள்ளே சிறு நிலைமாற்றி இருந்து, நம்மை மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கிறது. பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டாம். அதனுடன் 5 வோல்ற்று ரிலேயைச் சேர்க்கலாம். பம்பி தொடங்கும்போது இழுக்கும் ஓட்டம் மிகையாதலால், ரிலே ஒரு கொன்ராக்டரை இயக்க, அதுவே பம்பியை இயக்கட்டும்.

நிலைமாற்றியற்ற சுற்றை, பொழுது சாய்ந்ததும் எரியும் வாசல் விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம். உலோக ஆணி எதுவும் வெளியே தெரியாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள் முழுவதும் மூடப்படவேண்டும். உப்புக் காற்று புகும் கடற்கரை ஊரில் இது இருமடங்கு அவசியம். சில ஆண்டுகளில் ரிலே இழுக்கத் தயங்கினால் முதலிற் கொள்ளளவியையே ஐயுறுக. ஈரத்தால் அதன் கொள்ளளவு குறைந்திருக்கும். செருகியைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து, அளவுமானியால் சோதித்த பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும்.