திங்கட்கிழமை ராத்திரி களி கிண்டுங்கள்

தருமபுரி மாவட்ட மக்களுக்கு, பென்னாகரம் பக்கத்து ராகி விவசாயிகள் எழுதிக்கொள்வது.

ராத்திரி எட்டு மணிக்கு நம் ஊர்க் கடைகளில் பரோட்டாக் கல் ஓய்வதில்லை. நாங்களும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தான், குறை சொல்ல வரவில்லை. அந்த மைதாவுக்கான கோதுமை நம் காட்டில் விளைந்ததல்ல என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறோம்.

இந்தியாவும் இலங்கையும் ஒரு காலத்தில் கோதுமைக்குக் கப்பலை எதிர்பார்த்த நாடுகள். 1956-ல் பி.எல். 480 என்ற உணவு உதவி ஒப்பந்தத்தில் அமெரிக்கக் கோதுமை இங்கே வரத் தொடங்கியது. 1966-ல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியானது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரதமர் சாஸ்திரி, வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று நாட்டையே கேட்டுக்கொண்டார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் வேளாண் அமைச்சராக இருந்து மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையைத் தருவித்தார். இன்று நாட்டின் விளைச்சல் ஆண்டுக்கு 11 கோடி டன்னுக்கு மேல். நடுவில் 2006-ல் மறுபடி வெளியில் வாங்க நேர்ந்தது என்றாலும், கப்பலைப் பார்த்துக் காத்திருந்த காலம் போய்விட்டது.

இலங்கையின் கதை வேறு. அந்த மண்ணில் கோதுமை விளையாது. ஆனால் பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டி அன்றாடச் சாப்பாடாகிவிட்டது. 1980-ல் திருகோணமலையில் பெரிய மாவு ஆலையும் வந்தது. அரைப்பதற்கான கோதுமை இன்றும் கப்பலில்தான் வருகிறது. 2022-ல் கையில் டாலர் இல்லை, உக்ரைனில் போர். பாண் விலை ஓராண்டுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. அதே ஆண்டு மே 13 அன்று இந்தியாவும் தன் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. வீட்டில் தட்டுப்பாடு என்றால் யாரும் அண்டை வீட்டுக்கு அளந்து கொடுக்க மாட்டார்கள்.

நாட்டின் கணக்கில் நாம் ஜெயித்தவர்கள். மாவட்டத்தின் கணக்கில் நாமும் இலங்கைதான்: விளையாததைத் தின்கிறோம், விளைவதைத் தட்டில் ஒதுக்குகிறோம். கோதுமையும் நெல்லும் ஏறிய அந்த ஆண்டுகளில் நாடெங்கும் ராகிப் பரப்பு பாதிக்குமேல் சுருங்கிவிட்டது.

நல்ல செய்தியும் உண்டு. 2023 முதல் நீலகிரியிலும் நம் மாவட்டத்திலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தருகிறார்கள். 2024-25-ல் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். விளைவிக்க நாங்கள் தயார். வாங்கிப் போகிறவர்கள்தான் வேண்டும்.

களி கிண்டக் கை வலிக்கும் என்று இளையவர்கள் சொல்வது பொய்யில்லை. உலை கொதித்ததும் ஒரு பிடி நொய் போட்டு, அது வெந்தபின் மாவைக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி பறித்து மூடிவிடுங்கள். மாவு வெந்து மணம் வந்ததும் இறக்கி, பாத்திரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். மாவு வெந்துவிட்டால் கிண்டுவது பத்து நிமிட வேலை. தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைக் குழம்பு இருந்தால் பரோட்டா நினைப்பே வராது.

சாஸ்திரி கேட்டதைப் போலப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. திங்கட்கிழமை ராத்திரி மட்டும் களியோ கூழோ ராகி அடையோ செய்யுங்கள். ரேஷன் கடைக்குப் போனால் ராகியைக் கேட்டு வாங்குங்கள். கல், தூசி இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள். மூட்டை கடையிலேயே தேங்கினால் அடுத்த ஆடியில் நாங்கள் எதை நம்பி விதைப்பது?