விவசாய நிலம் நீங்கலாக

சென்ற ரஜப் மாதத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின், நெய்க்காரப்பட்டியில் நமது திண்ணைக்கு ஒரு வாலிபர் வந்தார். தகப்பனார் மௌத்தாகிவிட்டார், தாயார், தாம், இரண்டு சகோதரிகள் ஆகிய நால்வரே வாரிசுகள். வீட்டுக்கும் கடைக்கும் ரொக்கத்துக்கும் பராயிள் கணக்குப் போட்டுத் தருமாறு கேட்டார். “எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறதே, தம்பி?” என்றோம். “அது கணக்கில் வராதுங்க ஹஜ்ரத். ஷரீஅத் சட்டத்திலேயே ‘விவசாய நிலம் நீங்கலாக’ என்று எழுதியிருக்கிறதாம்” என்றார்.

அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் திருத்தி அனுப்பியிருப்போம். பாதி உண்மையாக இருப்பதால் இவ்வளவு எழுத வேண்டியதாயிற்று.

அந்த வாசகம் பிறந்த இடம் டில்லியிலும் சிம்லாவிலும் கூடிய மத்திய சட்டசபை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு, 1921இல் கூடத் தொடங்கிய சபை அது. அதன் இடங்கள் 145. அவற்றில் 41 பேர் சர்க்காரால் நியமிக்கப்பட்டவர்கள். 104 பேர் தேர்தலில் வந்தவர்கள். தேர்தல் இடங்களில் முஸ்லிம் தொகுதிகள் 30. சென்னை மாகாணம் முழுமைக்கும் கிடைத்தவை மூன்றே. மாகாணத்தின் தென்பகுதி முஸ்லிம்களின் பிரதிநிதியாகத் திருச்சி மௌலவி சையித் முர்தஸா சாகிப் அமர்ந்திருந்தார். வாக்குரிமையோ சொத்தும் வரியும் உடையோருக்கு மட்டும். 1920இல் இந்நாடு முழுவதற்கும் வாக்காளர் சுமார் 9 இலட்சம் பேர்தாம் என்றால், நம் பாட்டன்மார்களில் எத்தனை பேர் அந்த வாக்குப் பெட்டியைக் கண்டிருப்பார்கள்?

அது பொம்மைச் சபை என்று ஏளனம் செய்வோர் உண்டு. ஏளனத்துக்கு இடமும் உண்டு. 1923இல் மணங்கு உப்புக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரியை இரண்டரை ரூபாயாக்க முனைந்தபோது சபை மறுத்தது. வைசிராய் ரீடிங் பிரபு தமது தனியதிகாரத்தால் அதனை நிறைவேற்றிக்கொண்டார். ஆயினும் 1928இல் பொதுப் பாதுகாப்பு மசோதாவுக்கு இருபுறமும் சமமாக வாக்கு விழுந்தபோது, தலைவர் விட்டல்பாய் பட்டேல் தமது வாக்கால் அதனை வீழ்த்தியதும் அதே சபையில்தான்.

நமது மார்க்க விஷயங்களில் சர்க்கார் பெரும்பாலும் ஒதுங்கி நின்றதால், உறுப்பினர்களின் கை சற்று ஓங்கியிருந்தது. இதற்கு முன்னோடியும் உண்டு. குடும்ப வக்ஃபு செல்லாதென்று 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்ததை, பழைய சட்டமன்றத்திலேயே ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913இல் மாற்றியது. பின்னர் மத்திய சட்டசபையில் பஞ்சாபின் ஹாபிஸ் முஹம்மது அப்துல்லாஹ் ஷரீஅத் மசோதாவைக் கொண்டுவந்தார். அப்போது தலைவர் ஆசனத்தில் இருந்தவர் சர் அப்துர் ரஹீம்; நமது சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்தவர், உஸூலுல் ஃபிக்ஹு பற்றி ஆங்கிலத்தில் நூல் செய்தவர். 1937 அக்டோபரில் மசோதா சட்டமாயிற்று. வழக்கம் எதுவாயினும் வாரிசுரிமையில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தே தீர்ப்பு என்றது அச்சட்டம். பெண்மக்களுக்குப் பங்கில்லை என்று பஞ்சாபில் வேரூன்றியிருந்த வழக்கத்தை வெட்டவே அது வந்தது என்பதை மறக்கலாகாது.

அப்படியானால் நிலத்தை ஏன் விட்டார்கள்? 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் விவசாய நிலத்தின் வாரிசுரிமையை மாகாணங்களின் கையில் கொடுத்திருந்தது. டில்லி சபைக்கு அதில் சட்டம் செய்ய அதிகாரமில்லை. ‘நீங்கலாக’ என்பது அதிகார எல்லையைக் காட்டும் சொல். மார்க்கத்தின் விதிவிலக்கு அன்று. (பெருநிலக்காரர்கள் இதற்காகக் கண்ணீர் வடித்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

வாலிபருக்குச் சொல்லிக் கொடுத்தவர் விழுங்கிவிட்ட மறுபாதிக்கு வருவோம். 1949இல் சென்னை மாகாணச் சட்டமன்றம், அவ்வாண்டின் 18ஆம் சட்டத்தால், அந்த விலக்கை நீக்கிவிட்டது. அன்றிலிருந்து இங்கே தோப்பும் வயலும் வீட்டைப் போலவே ஷரீஅத்தின்படி பங்காகும். நீக்கப்பட்ட சொல்லை நம் ஊர்களில் இன்னும் ஓதிக்கொண்டிருக்கிறார்களே, யாருடைய இலாபத்துக்காக?

சட்டத்தைக் காட்ட முடியாதவர்கள் நகையைக் காட்டுகிறார்கள். “கல்யாணத்தில் ஐம்பது பவுன் போட்டோமே” என்கிறார்கள். தந்தை உயிரோடிருக்கையில் கொடுத்தது ஹிபா. அதனை அவர் மௌத்துக்குப் பின் மகளின் பங்கில் கழிக்க எந்தக் கிதாபில் இடமிருக்கிறது? இன்னும் சிலர், கத்தமுல் குர்ஆன் ஓதி முடித்த கையோடு சகோதரிகளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். வாரிசு ஒருவர் ஏதேனும் பெற்றுக்கொண்டு மனமுவந்து விலகுவதை ஃபிக்ஹு ‘தகாருஜ்’ என்று அனுமதிக்கிறது. தன் பங்கு எவ்வளவென்றே அறியாதவள், அண்ணன் இனி வாசற்படி ஏற்றமாட்டானோ என்று அஞ்சி இடும் கையெழுத்தில் உவப்பு எங்கே இருக்கிறது? ஷரீஅத்தில் கை வைக்காதே என்று மேடையில் முழங்கும் நாமே, வீட்டுக்குள் அதில் கை வைக்கிறோம். சூரத்துன்னிஸா பங்கை விதித்தபோது தோப்பை ஒருபுறமும் நகையை மறுபுறமும் பிரித்து வைக்கவில்லை. டில்லி சபைக்கு அதிகாரம் போதவில்லை. அல்லாஹ்வின் கட்டளைக்கும் போதவில்லை என்றா சொல்லப் போகிறோம்?

இவ்வளவையும் அந்த வாலிபரிடம் சொன்னோம். அவர் வாதாடவில்லை; தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தோப்பையும் சேர்த்தே எழுதுங்கள் ஹஜ்ரத்” என்றார்.

எழுதினோம். கடனும் வஸிய்யத்தும் போக, மொத்தம் 32 பங்கு. தாயாருக்கு எட்டில் ஒன்றாகிய 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. எட்டு ஏக்கரில் தாயாருக்கு ஒரு ஏக்கர், மகனுக்கு மூன்றரை, மகள்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்றே முக்கால். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூத்த சகோதரி உடுமலைப்பேட்டையில் இருப்பதாகவும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் போய்ப் பார்க்கப் போவதாகவும் சொல்லி எழுந்தார்.