"ஓடுதில்ல?" என்று கேட்பவர்களுக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு லாரி சைலன்சரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பொம்மிடியில் இருந்துகொண்டு பழைய லாரியைப் பார்க்காமல் இருக்க முடியாதுங்க. மரவள்ளிக் கிழங்கு சேகோ மில்லுக்குப் போவதும், கரும்பு கோபாலபுரம் ஆலைக்குப் போவதும் பெரும்பாலும் வயசான வண்டிகளில்தான். சில வண்டிகள் வருவது தெருமுனையிலேயே காதுக்குத் தெரிந்துவிடும். சைலன்சர் வழியாக இல்லாமல் இன்ஜின் பக்கத்திலிருந்தே டப டப என்று புகை அடிக்கும். கேட்டால், "லாரின்னா அப்படித்தான் தம்பி, ஓடுதில்ல?" என்பார்கள். இந்த "ஓடுதில்ல" மேல்தான் எனக்குக் கோபம்.

ஒழுகுவது எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று கேட்கும். சூடானதும் இரும்பு விரிந்து சத்தம் குறையும். உடனே "சரியாப் போச்சு" என்று கிளம்பிவிடுவார்கள்! மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கறுப்பாகக் கரி படிந்திருந்தால் ஒழுகல் அங்கேதான்.

அதற்கு நம் ஆட்கள் செய்யும் வைத்தியம், மேலே ஒரு வெல்டிங் பேட்ச், இல்லையென்றால் கயிறு சுற்றிப் பூச்சு. மாசக் கணக்கில்கூட நிற்காது. வளைந்துபோன மேனிஃபோல்டு முகத்தை ஃபேசிங் செய்யாமல் கேஸ்கட் மட்டும் புதுசாகப் போட்டாலும் அதே கதைதான். உடைந்த ஸ்டட்டை எடுத்து, முகத்தைச் சமமாக்கி, புது கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஒருமுறை சூடாகி ஆறியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வாடகை போகிறதே என்றுதான் முதலாளிக்கு மனசு வராது.

பழைய மாடல்கள் பலவற்றில் இன்ஜின், டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவே மூடிக்கு அடியில் இருக்கிறது. மேனிஃபோல்டில் ஒழுகும் புகை, மூடியின் இடுக்கு வழியாக நேரே கேபினுக்குள் வரும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகைச் சோதனைச் சான்று இருக்கிறதே என்பார்கள். அந்தக் கருவியைச் செருகுவது குழாயின் கடைசி நுனியில். வழியில் ஒழுகி டிரைவரின் நெஞ்சுக்குள் போன புகையை அது எப்படி அளக்கும்?

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் அந்த வால்வு குழாயை அடைக்கிறது. வெளியேற வழியில்லாத புகையின் அழுத்தம்தான் இன்ஜினை இழுத்துப் பிடிக்கிறது. வால்வுக்கு முன்னால் ஒழுகினால் அந்த அழுத்தம் குறையும், பிடிப்பும் குறையும். மொத்தப் பாரமும் கால் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறும். நமக்குப் பக்கத்தில் இருப்பது தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற இறக்கம். 2020 டிசம்பரில் அங்கே சிமெண்ட் லாரி ஒன்று நின்றிருந்த வண்டிகள் மேல் மோதி நான்கு பேர் செத்தார்கள். அந்த லாரியில் ஒழுகல் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட இறக்கத்தில் இருக்கிற பிடிப்பில் கொஞ்சத்தை நாமே எதற்குக் கழற்றிவிட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். டர்போ வண்டியாக இருந்தால் அதற்கு முன்னால் ஒழுகும் ஒவ்வொரு மூச்சும் டர்போவைச் சுற்றவேண்டிய சக்தி. மேட்டில் இழுக்காது, கரும்புகை தள்ளும், டீசல் கூடுதலாகப் போகும். அது டீசல் கணக்கில் கலந்துவிடுவதால் முதலாளி கண்ணில் படுவதில்லை. கேஸ்கட் பில் மட்டும் தனியாக நிற்பதால் "செலவு" என்று தெரிகிறது. டிரைவர் அண்ணனின் இருமலோ எந்தப் பேரேட்டிலும் இல்லை. மிச்சம் பிடிப்பது ஒருவர், அதற்கான விலையைக் கட்டுவது இன்னொருவர். இதற்குப் பெயர் சிக்கனமா?

அடுத்த முறை எஃப்சிக்கு வண்டி விடும்போது, வெளியே பெயிண்ட் அடிக்கிற காசில் முதலில் அந்த மேனிஃபோல்டைக் கழற்றச் சொல்லுங்கள்.